ஓர் அறைப் பள்ளிகளின் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர், தொடக்கக் கல்வி இயக்குநர், தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் ஆகியோருக்கும், கிராமத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் நெல் விளையும் ஊர்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குக் கிடைத்தது ஓர் அறை, ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர், அதாவது நான். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பழுதான பழைய பள்ளிக் கட்டடங்களை இடிக்கும்போதும், பிள்ளைகள் இல்லாத பள்ளிகளை மூடும்போதும், அங்கே கிடக்கும் சேர்க்கைப் பதிவேடு முதலான பழைய ஏடுகளைப் படியெடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லி ஓர் ஆணை போடுங்கள். ஒரு வரியில் முடிகிற கோரிக்கைதான். ஆனால் அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கேட்டால், ‘பழைய பேப்பருக்கா இவ்வளவு?’ என்று தோன்றும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கட்டடங்களை இடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தீர்கள். அது சரியான வேலை. ஐப்பசி மழையில் ஓடு ஒழுக, பிள்ளைகளை மூலைக்கு மூலை நகர்த்தி உட்கார வைத்தவனுக்கு அந்தக் கட்டடங்கள் மேல் பெரிய பாசம் ஒன்றும் வராது. படம் எடுத்துப் போட வருகிறவர்களுக்கு வேண்டுமானால் அழகாக இருக்கலாம்.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டடத்தை இடிக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று விதி இருக்கிறது. மேசை, நாற்காலி, உடைந்த மணிக்குக்கூட இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் ஜேசிபி வருவதற்கு முதல் நாள், மர அலமாரியில் இருக்கும் எண்பது வருடத்துக் காகிதத்தை என்ன செய்வது என்று தலைமையாசிரியருக்கு யாரும் சொல்வதில்லை. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதுதான் தெரியாது. சாக்கில் கட்டிச் சத்துணவு அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போடுவார்கள். அடுத்த மழைக்குள் கரையான் தன் வேலையை முடித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நாடு விடுதலை அடைவதற்கு முந்தைய ஏடுகள் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போயின. அந்தத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு இடமும் இல்லை, ஆணையும் இல்லை.

சரி, அந்த ஏடுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஓர் ஊருக்கு ஒரு வாத்தியார், ஒரு திண்ணை என்பது நமக்குப் பழைய ஏற்பாடு. மணலில் விரலால் எழுதி, அப்புறம் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவார்கள். அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி, வாய்ப்பாடு எல்லாம் ஒரே திண்ணையில். பெரிய பையன் சட்டாம்பிள்ளை. சின்னப் பையன்களுக்கு அவன்தான் பாதி வாத்தியார். வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லாகவோ காசாகவோ வீட்டுக்கு வீடு வரும். இந்தச் சட்டாம்பிள்ளை முறையைத்தான், எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எடுத்துக்கொண்டார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்தில் செய்து பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறைக்கு இங்கிலாந்தில் வைத்த பெயரே ‘மெட்ராஸ் சிஸ்டம்’. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். இங்கே எழும்பூரில் இதை யாருக்காவது நினைவுபடுத்தும் பலகை ஒன்றாவது வைக்கலாம். அது வேறு மடலுக்கான விஷயம்.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பிய பட்டியல்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வருகிறது. சுமார் ஒன்றேகால் கோடி மக்களுக்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அன்றே பொற்காலம் இருந்தது என்பார் ஒரு கட்சி. அந்தப் பட்டியலில் பெண் பிள்ளைகள் எத்தனை சொற்பம், ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து எத்தனை பேர் அந்தத் திண்ணையில் ஏற முடிந்தது என்று கேட்பார் இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் மன்றோவின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓர் ஊர், ஒரு குடும்பம் என்ற அளவுக்கு அதற்குப் பதில் தேட முடியாது. அதில் தலைக்கணக்கு உண்டு, பெயர் கிடையாது. பெயர் வருவது பின்னால், அரசும் ஜில்லா போர்டும் மானியம் கொடுக்கத் தொடங்கி, மானியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று வந்த பிறகுதான். நான் பேசுகிற சேர்க்கைப் பதிவேட்டின் பிறப்பு அங்கே இருக்கிறது. பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்து மானியம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டுப் போவார், வாத்தியார் வீட்டில் உலை கொதிப்பது அதைப் பொறுத்தது. அந்த நாளில் பெயரை ஏட்டில் ஏற்றாமல் விடுவாரா?

யார் பெயர் எந்தப் பள்ளியின் ஏட்டில் ஏறியது என்பதில்தான் எங்கள் பக்கத்து ஊர்களின் உண்மைக் கதை இருக்கிறது. ஓர் அறைப் பள்ளி என்றால் அந்த அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே சேர்க்கை விதி. கோயில் தெருவில் இருந்தால் சில பிள்ளைகள் வர முடியாது. அதனால்தான் 1920-களில், ஒடுக்கப்பட்ட மக்களின் நலனைக் கவனித்த அரசின் லேபர் இலாகா தனியாகப் பள்ளிகளைத் திறந்தது. கிழவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்று சொன்னவைதான் பிறகு ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. மதுரைப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் அதே காலத்துப் பிறப்புதான், காரணம் வேறு. ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு பள்ளிகள், இரண்டு ஏடுகள். ஒன்றில் இருக்கும் பெயர் மற்றதில் இருக்காது. பிறகு ஏதோ ஓர் ஆண்டில் முதல் தடவையாக இந்தத் தெருப் பிள்ளை அந்தத் தெருப் பள்ளியின் ஏட்டில் ஏறுகிறது. ஊருக்கு ஊர் அந்த ஆண்டு மாறும். எந்த ஊரில் எப்போது, யார் வீட்டுப் பிள்ளை, அதே மாதம் எத்தனை பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று இந்த ஏட்டைத் தவிர வேறு எந்த அரசுக் காகிதமும் சொல்லாது.

அடுத்து 1953. ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கி, பிள்ளைகள் இரண்டு ஷிப்டாக வந்தார்கள். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் மே மாதமே திட்டத்தைக் கைவிட்டார். இன்று வரை மேடைக்கு மேடை இதைப் பற்றிப் பேச்சு உண்டு. மூடிய பள்ளி எத்தனை என்பதற்கும் ஆளுக்கோர் எண் உண்டு. ஆனால் அந்த ஓராண்டில் தங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய ஒருவரை நான் மேடையில் கேட்டதில்லை. ஏடு இருந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை அது.

அதன் பிறகு வந்ததுதான் ஓராசிரியர் பள்ளிகளின் பெரிய அலை. ஐந்நூறு பேர் வாழும் ஊர், பிறகு முந்நூறு பேர் வாழும் ஊர் என்று வரம்பை இறக்கிக்கொண்டே போய்ப் பள்ளி திறந்தார்கள். கட்டடத்துக்குக் காத்திருக்கவில்லை. சாவடி, கோயில் மண்டபம், யாராவது கொடுத்த மாட்டுக் கொட்டில், கீற்றுக் கொட்டகை எதுவானாலும் சரி. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு பையனை அல்லது பெண்ணை அங்கே அனுப்பிவிட வேண்டியது. 1956-இல் மதிய உணவு வந்தது. 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே இடம், பெஞ்சு, சிலேட்டு, சாப்பாட்டுத் தட்டு என்று கொடுத்தார்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்காக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். இந்தப் பள்ளிகள் நிற்கும் இடம் பல ஊர்களில் வாய்வார்த்தையாகக் கொடுத்தது, பத்திரம் கிடையாது. கொடுத்தவர் பெயர் பள்ளியின் குறிப்பேட்டில் ஒரு வரி, அல்லது வாசல்படிக்குப் பக்கத்தில் பதித்த கல்லில் ஒரு வரி. கல் ஜேசிபியோடு போகிறது, குறிப்பேடு கரையானோடு போகிறது. அப்புறம் பேரன் வந்து இடம் எங்களுடையது என்கிறான். துறை வழக்குக்கு அலைகிறது. வரலாற்றில் அக்கறை இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காவது அதிகாரிகள் இந்த ஏடுகளைக் கவனிக்கலாம்.

அந்த ஓர் அறை எப்படி நடந்தது என்று இன்றைய இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒன்றாம் வகுப்பு வாசலோரம், மணலில். ஐந்தாம் வகுப்பு கரும்பலகைக்குக் கீழே. ஐந்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு மூன்றுக்கு வாசிப்பு; அதற்குள் இரண்டாம் வகுப்பு எழுந்து வாய்ப்பாடு பாட ஆரம்பித்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தால் ஒன்றாம் வகுப்பு அவள் பொறுப்பு. சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை. பலகை வெளுத்துவிட்டால் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவது சனிக்கிழமை வேலை. ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கே விடுமுறை. சம்பள நாளில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாலும் அதே கதை. பல ஊர்களில் அஞ்சல் கிளையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர், தேர்தல் என்றால் வாக்குச்சாவடி அந்த அறை. பல சிற்றூர்களில் அரசாங்கம் என்று கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஓர் அறை மட்டும்தான்.

அந்த ஆசிரியர் கையில் இருந்த இன்னோர் அதிகாரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியைக் கொடுத்தது அவர்தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடது காதைத் தொடு என்பார். தொட்டால் ஐந்து வயது. ‘பெரிய புயல் அடிச்ச வருஷம், ஆடி மாசம்’ என்பாள் தாய். இவர் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். அறுபது வயதைக் கடந்த கிராமத்துக்காரர்கள் இத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது இப்படித்தான். இன்றைக்கு அவர்களுடைய ஆதார், ஓய்வூதியம், வாரிசுச் சான்று எல்லாம் அந்தத் தேதியில்தான் நிற்கின்றன. அந்தத் தேதியின் மூலம் எங்கே இருக்கிறது? நான் சொல்கிற அதே ஏட்டில்.

அந்த ஏட்டில் கடைசிப் பத்தி ஒன்று உண்டு, ‘நீங்கிய காரணம்’. நான் வேலை பார்த்த ஊர்களில் அதைப் புரட்டும்போது மனம் கனக்கும். ‘மாடு மேய்க்க’, ‘ஊரை விட்டுச் சென்றனர்’, ‘நீண்ட நாள் வராமை’. பெண் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் காரணமே எழுதாமல் ஒரு கோடு. தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் வகுப்பு பாதியாகும். அம்மா வயலில் நிற்க, பெரிய பெண் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வரப்பில் இருப்பாள், சின்னவன் கதிர் பொறுக்குவான். விவசாயக் கூலிக் குடும்பங்கள் எந்த ஆண்டுகளில் ஊரைக் காலி செய்தன, எந்த ஆண்டிலிருந்து பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியூர் நடுநிலைப் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள், 1982-இல் சத்துணவு வந்ததும் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை எப்படி ஏறியது என்று ஊர் வாரியாகச் சொல்ல இதைவிட நேரான சாட்சி இல்லை.

ஓராசிரியர் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது 1987-இல். 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம், எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதில் கூடுமானவரை ஒருவர் பெண் என்றது. இரண்டாவது ஆள் வந்து சேர்ந்த அன்று நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டமும் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றே வைத்தது. ஆக, ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்ப்பது இன்றும் நடக்கிறது. 2007-இல் மாநிலம் முழுவதும் அட்டைகளும் கற்றல் ஏணியுமாகச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது புதுமை என்று எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். ஆந்திரத்தின் ரிஷி வேலியில், சிற்றூர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறைதான் அதற்கு வேர். பயிற்சி வகுப்பில் பெல் பாதிரியார் பெயரையும் சட்டாம்பிள்ளையையும் ஒருவரும் எடுக்கவில்லை. நம் பழைய ஏடுகள் நம் கைக்கே எட்டாததால் வருகிற மறதி இது.

இப்போது பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் மூடுகின்றன. 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்ற அரசு முடிவெடுத்தது. பிறப்பு குறைந்தது, தனியார் வேன் வாசலுக்கு வருவது, ஊரே நகரத்துக்குப் போனது என்று காரணங்கள் பல. மூடலாமா கூடாதா என்ற சண்டைக்குள் இந்த மடலை இழுக்க நான் விரும்பவில்லை. என் கருத்து, கூடாது என்பது. மூடியேதான் ஆக வேண்டும் என்றால் ஏடுகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு மூடுங்கள். மூடிய பள்ளியின் ஏடு பக்கத்துப் பள்ளிக்குப் போகும். அதுவும் மூடினால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு. அங்கே இடமில்லை என்றால் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. எமிஸ் என்ற கல்வித் துறையின் கணினிப் பதிவு வந்த பிறகு சேர்ந்த பிள்ளைகளின் விவரம் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய எல்லாத் தலைமுறைக்கும் காகிதம் ஒன்றுதான்.

செலவு பெரிதல்ல. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்தாண்டில் பல ஆயிரம் கோடி ரூபாய் என்று அறிவித்தவர்கள் நீங்கள். இடிப்பதற்கான மதிப்பீட்டிலேயே, கட்டடத்தின் அளவும் படமும் எடுப்பது, நன்கொடைக் கல்லைப் பெயர்த்துப் புதுக் கட்டடத்தில் பதிப்பது, பதிவேடுகளைப் படியெடுப்பது என்று மூன்று இனம் சேருங்கள். படியெடுக்கும் வேலை தெரிந்தவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய மின்னூலகத்தில் பழைய நூல்களையும் சுவடிகளையும் ஏற்றுகிற கைகளுக்கு இது கடினமில்லை. மூல ஏடுகளை மாவட்டத்துக்கு ஓரிடத்தில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் மேற்பார்வையில் வைக்கலாம். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் விடுபடக் கூடாது. அவற்றை விட்டுவிட்டால் பாதி ஊர்தான் ஏட்டில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அந்த ஏடுகளில் சாதி இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, சிலருக்கு அந்தப் பத்தி காலியாக இருக்கிறது. அப்படியே இணையத்தில் ஏற்றினால் நாளைக்கு எவனாவது எடுத்து எவரையாவது இழிவுபடுத்துவான். எழுபத்தைந்து ஆண்டுக்கு உட்பட்டதைப் பூட்டி வையுங்கள். சம்பந்தப்பட்டவரும் வாரிசும் கேட்டால் மட்டும் நகல் கொடுங்கள். ஆய்வாளருக்குப் பெயர் நீக்கிய எண்ணிக்கை போதும்.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், ‘சார், நம்ம ஸ்கூல்ல பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் எந்த வருஷத்துல இருந்து இருக்கு? எங்க இருக்கு?’ என்று. அந்தப் பதிலைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். அலமாரியைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிச் செங்கல் மேல் வைத்தாலே பல ஆண்டு கூடுதலாகத் தாங்கும்.

388 ஒன்றியத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. வரும் மே மாதத்தில் ஏதாவது ஓர் ஒன்றியத்தில் செய்து பாருங்கள். பழைய கையெழுத்தைப் படிக்க, ‘லோ.பி.’ என்றால் லோயர் பிரைமரி என்று சொல்ல, ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறோம். பஸ் கட்டணம்கூட வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகக் கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்